கழுதைக் கடிக்குக் குதிரை மருந்து

மன்னார்த் தீவில் குழாய்த் தண்ணீர் நிற்கப்போகிறது என்றாலும், யாராவது காலமாகிவிட்டார் என்றாலும், அரசாங்கக் கந்தோரின் நடமாடும் சேவை என்றாலும், சனம் முதலில் கேட்பது அம்புறோசின் குரலைத்தான். ஓட்டோவின் கூரையில் இரண்டு புனல் ஒலிபெருக்கிகள். பின் இருக்கையில் பற்றரியும் அம்பிளிபயரும் அம்புறோசும். மடியில் அறிவித்தல் எழுதிய கடதாசிகள். ஓட்டோ உப்புக்குளம் ஜுனைதீனுடையது. அம்புறோஸ் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். அவர் ஓட்டுவார், இவர் வாசிப்பார். பதினாறு வருடமாக இருவருக்கும் இதுதான் சோறு.

அதற்கு முன் அம்புறோஸ் கடற்றொழில் செய்தவர். வள்ளம் கவிழ்ந்து தோள்மூட்டு விலகியபின் வலை இழுக்க முடியவில்லை. மாதா கோவிலில் வாசகம் வாசிக்கிற குரலைக் கேட்ட சுவாமியார்தான், "உனக்குத் தொண்டை இருக்குது, தோள் எதற்கு?" என்று இந்த வழியைக் காட்டினார். அது நல்ல யோசனை. ஆனால் அம்புறோசிடம் ஒரு பழக்கம் உண்டு. எழுதித் தந்ததை எழுதித் தந்தபடி வாசிக்கமாட்டார், கொஞ்சம் கூட்டித்தான் வாசிப்பார். "நேற்றுக் காலமானார்" என்று எழுதியிருந்தால், "நேற்றுப் பின்னேரம் பிள்ளைகள் சூழ்ந்து நிற்கக் காலமானார்" என்பார். பிள்ளைகள் ஐந்து பேரும் கனடாவில் நின்றிருப்பார்கள்.

சுகாதாரக் கந்தோரின் விசர்நாய்க்கடி அறிவித்தலையும் வருடம் தவறாமல் அவர்தான் வாசிப்பார். கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடதாசி பார்க்காமலே சொல்வார். சொல்வது வேறு, காதில் போட்டுக்கொள்வது வேறு.

பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தண்ணீர் வெட்டு அறிவித்தலோடு பஸ் நிலையத்தடியில் ஓட்டோவை நிறுத்தியிருந்தார்கள். ஜுனைதீன் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தார். அந்த நேரம் ஒரு கழுதை ஓட்டோவுக்குள் தலையை நீட்டி மடியிலிருந்த கடதாசியைக் கவ்வியது. மன்னார்க் கழுதைகளுக்குக் கடதாசி என்றால் பலகாரம். அம்புறோஸ் இழுத்தார். கழுதையும் இழுத்தது. இரண்டாவது இழுப்பில் கடதாசியோடு சேர்த்து அவருடைய இடக்கைப் பெருவிரலின் அடித்தசையும் கழுதையின் வாய்க்குள் போய்விட்டது.

பல் நன்றாக இறங்கியிருந்தது. தேத்தண்ணிக் கடைக்காரர் ஓடிவந்து ஒரு கை கோப்பித்தூளை அள்ளி அப்பினார். கோப்பித்தூள் இரத்தத்தை மறைக்கும், அவ்வளவுதான். உள்ளே போனதை அது வெளியே எடுக்காது.

ஜுனைதீன் தேத்தண்ணியோடு வந்து பார்த்தார். "கடதாசிக்குக் கழுதையோட சண்டை பிடிச்ச முதல் ஆள் நீதான்டா அம்புறோஸ்."

"நானா, அதில நேரம் எழுதிக் கிடந்தது. எத்தினை மணிக்குத் தண்ணி நிக்குமெண்டு இப்ப ஆர் சொல்லுறது?"

"கழுதையைத்தான் கேக்கோணும்."

சட்டைப் பையிலிருந்த லேஞ்சியைக் கையில் சுற்றிக்கொண்டு, நினைவில் வந்த நேரத்தைச் சொல்லி, இன்னும் மூன்று மணித்தியாலம் ஊரைச் சுற்றினார். வீட்டுக்குப் போனபோது மதியம் ஒன்றரை. குழாயில் தண்ணீர் இல்லை.

மனைவி றஞ்சிதம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள். வாயால் சொல்வதைவிடக் கண்ணால் பார்ப்பதை நம்புகிறவள். லேஞ்சியை அவிழ்த்தாள், கோப்பித்தூளைக் கண்டாள், தண்ணீர் பிடித்து வைத்த பரலிலிருந்து மொண்டு உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தால் கழுவத் தொடங்கினாள்.

"மெல்ல, மெல்ல! நாய் இல்லை, கழுதை."

"கழுதைக்கு விசர் வராதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"நான் வாசிக்கிற கடதாசியில நாயெண்டுதான் கிடக்கு."

"கடதாசியைத்தான் கழுதை திண்டிட்டுதே. வெளிக்கிடுங்கோ ஆஸ்பத்திரிக்கு."

ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் இளம் பெடியன், தென்பகுதிக்காரன். தமிழ் கொஞ்சம் தெரியும், விலங்குகளின் பெயர் தெரியாது. அம்புறோஸ் "கழுதை" என்று சொல்லி, அது கத்துவதுபோலக் கத்தியும் காட்டினார். டொக்டர் முகம் மலர்ந்து, "ஆ! பூறுவா?" என்றார். பூறுவா என்றால் சிங்களத்தில் கழுதை. இராணுவக் காவலரண்களில் மறித்து நிறுத்திய காலத்தில் அந்தச் சொல்லை அம்புறோஸ் பலமுறை கேட்டிருக்கிறார், விலங்கைப் பற்றி அல்ல. அவருடைய மீசை துடித்தது. பக்கத்தில் நின்ற தாதி இடையில் வந்தாள். "ஐயா, உங்களை இல்லை. கழுதையைச் சொல்லுறார்."

அந்தத் தாதியின் பெயர் நிஸ்லா. சிலாவத்துறைப் பிள்ளை. சிரிப்பை அடக்கிக்கொண்டே வேலை செய்யத் தெரிந்தவள். மருந்துச் சீட்டுப் பதிய றஞ்சிதம் வெளியே வரிசையில் நின்றாள். டொக்டர் கேட்பதை நிஸ்லா தமிழில் கேட்டாள். கழுதை எப்படி இருந்தது, வழமைபோலவா, வித்தியாசமாகவா?

இங்கேதான் பழக்கம் குறுக்கே வந்தது. கடதாசிக்காகக் கடித்தது என்று சொல்ல அம்புறோசுக்கு வெட்கமாக இருந்தது. "கண் இரத்தச் சிவப்பு மிசி. வாயால நுரை. ஆடி ஆடி வந்து பாஞ்சு கடிச்சது" என்றார்.

டொக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையில் ஆழமான காயம், நுரை தள்ளிய விலங்கு, இப்போது எங்கே நிற்கிறது என்றும் தெரியாது. தடுப்பூசி ஒன்று, காயத்துக்குள் போடுகிற மருந்து ஒன்று, இரண்டும் போடவேண்டும் என்று முடிவானது.

நிஸ்லா இன்னும் சில கேள்விகள் கேட்டாள். மூச்சிழுப்பு இருக்கிறதா? முட்டை, மீன் ஏதாவது ஒத்துவராமல் போகுமா? "முந்திப் பாம்புக்கடிக்கு ஊசி போட்டனீங்களோ?"

"இல்லை" என்றார் அம்புறோஸ். அவர் அறிந்தவரையில் அது உண்மைதான்.

முன்கையில் ஒரு துளி மருந்தைத் தோலுக்குள் ஏற்றி அரைமணி நேரம் பார்த்தார்கள். தடிக்கவில்லை. பிறகு காயத்தைச் சுற்றி ஊசி இறக்கினார்கள். கழுதை கடித்தபோது கத்தாத மனிதர் அப்போது கத்தினார். மேற்கையில் தடுப்பூசியும் ஏறியது.

"ஏன் மிசி ரெண்டு?"

"மேற்கையில போட்டது தடுப்பூசி. விசர்க் கிருமி எப்பிடி இருக்குமெண்டு உங்கட உடம்புக்குக் காட்டிக் குடுக்கும். அதைப் பாத்து உடம்பு தானே எதிர்ப்பொருள் செய்யும். ஆனால் செய்து முடிக்க ஒரு கிழமை, பத்து நாளாகும். கிருமி அதுவரைக்கும் காத்துக்கொண்டு இராது. அதுதான் செய்து முடிச்ச எதிர்ப்பொருளை இரவலாக் காயத்துக்குள்ள போட்டது."

"இரவலோ? ஆரிட்ட வாங்கினது?"

"குதிரையிட்ட. குதிரையின்ர இரத்தத்தில இருந்து எடுக்கிறது."

அம்புறோஸ் அதை முழுதாக விழுங்குவதற்குள் நிஸ்லா சீட்டை நீட்டினாள். மூன்றாம் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று, முப்பதாம் நாள் ஒன்று. தவறவிடக்கூடாது.

வெளியே ஓட்டோவில் காத்திருந்த ஜுனைதீனுக்குச் சிரிப்பு அடங்க வெகு நேரமானது. "கழுதைக் கடிக்குக் குதிரை மருந்து! நல்லகாலம் யானை கடிக்கேல்லை, மருந்துக்கு எங்க போறது?"

"நீங்கள் சிரியுங்கோ நானா. என்ர உடம்புக்குள்ள இப்ப ஒரு குதிரை நிக்குது."

அம்புறோஸ் தன் வாழ்நாளில் குதிரையைக் கண்டதெல்லாம் குதிரையேறிய புனிதர் சந்தியோகுமையோரின் சுருபத்தில்தான். அதுவும் மரக்குதிரை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சொல் காணாமல் போனது. நோய்க்கும் பைத்தியத்துக்கும் பொதுவானது, அதுவரை நாளுக்கு இருபது தரம் புழங்கிய சொல். "உங்களுக்கென்ன விசரே?" என்று றஞ்சிதம் கேட்பாள். "விசர்க் கதை கதையாதை" என்று அம்புறோஸ் சொல்வார். தொலைக்காட்சி வேலை செய்யாவிட்டால் அதற்கும் விசர், வெயில் கூடினாலும் விசர். இப்போது இருவரும் வாயைத் திறந்து, "உங்களுக்கென்ன..." என்று பாதியில் நின்றார்கள். இரண்டு பேர் முப்பது வருடம் பேசிய பேச்சில் ஒரு சொல்லை எடுத்துவிட்டால் மீதி எல்லாம் நொண்டும். சண்டைகூட ஒழுங்காகப் பிடிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் ஊசிக்குப் பேசாமல் போய்வந்தார். அதற்குப்பின் ஒரு யோசனை பிடித்துக்கொண்டது. கடித்த நாய் பத்து நாள் உயிரோடு நின்றால் பயமில்லை என்று அறிவித்தலில் வரும். அப்படியானால் கழுதையைத் தேடிப்பிடித்துப் பார்த்தால் என்ன? அது நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான், கழுதைக்குப் பொருந்தாது என்று நிஸ்லா சொல்லியிருந்தாள். ஆனாலும் ஜுனைதீனும் அவரும் அறிவித்தல் வேலையோடு வேலையாகக் கழுதை தேடினார்கள்.

"அதுதான் நானா, காது மடங்கினது."

"நேத்து வேறொண்டைக் காட்டி வெள்ளை மூக்கு எண்டாய்."

"பயத்தில ஆர் மூக்கைப் பாத்தது?"

இரண்டு நாளில் மூன்று கழுதைகளை அடையாளம் காட்டினார். மூன்றும் சுகமாக நின்று வாழைத்தோல் தின்றன. நாலாவது, தாழ்வுபாட்டு வீதியோரத்தில் காலை நீட்டிச் செத்துக் கிடந்தது.

"வாகனம் அடிச்சிருக்கு" என்றார் ஜுனைதீன்.

"ஏன் அடிபட்டது? புத்தி பேதலிச்சு ஓடித்தானே?"

"மன்னாரில புத்தியுள்ள கழுதையும் அடிபடும். ஏறு."

அம்புறோஸ் ஏறினார். அன்று முழுவதும் வாசிப்புத் தடுமாறியது. அந்தக் கழுதையின் வாயில் உண்மையாகவே நுரை இருந்ததா? டொக்டரிடம் சொன்னபோது இல்லையென்று தெரிந்துதான் சொன்னார். இப்போது கண்ணை மூடினால் நுரை தெரிந்தது. மென்ற கடதாசியா நுரையா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. தான் கூட்டிச் சொன்னதும் கண்டதும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. ஊருக்கே செய்தி சொல்கிறவருக்குத் தன் சொந்தச் செய்தியில் எது மெய் என்று தெரியவில்லை.

ஆறாம் நாள் பின்னேரம் கையில் அரிப்புத் தொடங்கியது. காயத்தைச் சுற்றித்தான் முதலில். பிறகு வயிற்றில், முதுகில், துடையில் தட்டுத்தட்டாகத் தடித்துச் சிவந்தது. பொழுதுபட முழங்கால் வீங்கியது, மணிக்கட்டு வீங்கியது. காய்ச்சல் காய்ந்தது. கழுத்தின் இரண்டு பக்கமும் நெரி கட்டியது. தண்ணீர் குடித்தால் தொண்டையில் நோவு.

தொண்டையில் நோவு என்றதும் அம்புறோஸ் எழுந்து உட்கார்ந்துவிட்டார். விசர் பிடித்தவர்கள் தண்ணீருக்குப் பயப்படுவார்கள் என்று அவரே மைக்கில் சொல்லியிருக்கிறார். உடனே ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்துக் குடித்துப் பார்த்தார். போனது. கால்மணி கழித்து இன்னொன்று. அதுவும் போனது, ஆனால் முதல் கிளாசைவிடக் கொஞ்சம் தயங்கிப் போனதோ? மூன்றாவதில் நன்றாகவே தயங்கியது. வயிறு முட்ட நிரம்பியவருக்கு அது தயங்கத்தான் செய்யும்.

"என்ன இது, பரல் முடியப்போகுது?" என்றாள் றஞ்சிதம்.

"தண்ணிக்குப் பயமோ எண்டு பாக்கிறன்."

"பயம் எனக்குத்தான். நாளைக்குச் சமைக்கத் தண்ணி வேணும்."

ஏழாம் நாள் காலையில் அவர் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தட்டும் கோப்பையும் தனக்குத் தனியாக வேண்டும் என்றார். "நீ கிட்ட வராதை. நான் கடிச்சுப்போட்டாலும்!"

"பல்லுக் கட்டின மனுசன் என்னத்தைக் கடிக்கிறது? கதவைத் திறவுங்கோ. இண்டைக்கு ஊசி."

"ஊசிக்கு நான் வரேல்லை."

கதவுக்கு வெளியே நின்று காரணம் கேட்டாள். அவரிடம் காரணம் இருந்தது. யோசித்து யோசித்துச் செய்த காரணம். "இஞ்ச பார். இது ரெண்டில ஒண்டு. ஒண்டு, அது வந்திட்டுது. வந்தபிறகு ஊசி வேலை செய்யாதெண்டு எனக்குத் தெரியும், நானே வாசிச்சனான். இல்லாட்டி, இது ஊசியாலதான் வந்தது. அப்ப இன்னொண்டு போட்டால் செத்தே போவன். எப்பிடிப் பாத்தாலும் போகக்கூடாது. சுவாமியாருக்கு ஆளனுப்பு, சாகமுன்னம் நோயிற்பூசுதல் வாங்குவம்."

றஞ்சிதம் அதை மனதுக்குள் திருப்பிப் பார்த்தாள். கேட்டால் சரிபோலத்தான் இருந்தது. முப்பது வருடத்தில் அவர் சொன்ன ஒரு நியாயத்துக்குப் பதில் தெரியாமல் அவள் நின்றது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது. ஆனால் காய்ச்சல்காரரின் நியாயத்தை உட்கார்ந்து அலசிக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும். அவள் சுவாமியாருக்கு ஆளனுப்பவில்லை, ஜுனைதீனுக்குப் போன் எடுத்தாள்.

ஜுனைதீன் ஓட்டோவை வீட்டு வாசலில் நிறுத்தி, மைக்கைக் கையில் எடுத்தார். இரண்டு புனலும் கரகரத்தன. ஒழுங்கை முழுவதும் சனம் எட்டிப் பார்த்தது.

"அறிவித்தல்! அறிவித்தல்!" பதினாறு வருடம் பக்கத்திலிருந்து கேட்டதால் ராகம் அச்சொட்டாக வந்தது. "அம்புறோஸ் அவர்கள் இன்று காலை தொடக்கம் சாமான் அறைக்குள்..."

"நானா! நிப்பாட்டுங்கோ!"

"...ஊசிக்குப் பயந்து ஒளித்திருக்கிறார் என்பதை உற்றார் உறவினர், நண்பர்கள்..."

கதவு திறந்தது. தொழிலில் உள்ள மானம் அது. தன்னைப்பற்றிய அறிவித்தலை இன்னொருவர், அதுவும் ஜுனைதீன், வாசிப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. வீங்கிய முழங்காலோடு நொண்டி வந்து ஓட்டோவில் ஏறினார். "எனக்கு ஏதும் நடந்தால் நானா, அந்த அறிவித்தலையும் நீங்கள் வாசிக்கக்கூடாது. யாழ்ப்பாணத்திலயிருந்து ஆள் எடுங்கோ."

"முதல் நடக்கட்டும், பிறகு யோசிப்பம்" என்றார் ஜுனைதீன். பகிடிதான், ஆனால் ஓட்டோவை அன்று வழமையைவிட வேகமாக ஓட்டினார்.

நிஸ்லா சட்டையைத் தூக்கித் தடிப்புகளைப் பார்த்தாள், நெரியைத் தடவினாள், முழங்காலை அமத்தினாள். டொக்டரும் வந்து பார்த்தார். இருவரும் சிங்களத்தில் வேகமாகப் பேசிக்கொண்டார்கள். அம்புறோஸ் அந்தப் பேச்சில் விசருக்கான சிங்களச் சொல்லைத் தேடினார். அது வரவில்லை. வராதது நல்லதுக்கா, தனக்குச் சொல்லக்கூடாது என்பதற்கா என்றும் தெரியவில்லை.

"ஐயா, திரும்பக் கேக்கிறன். வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. உங்களை எப்பவாவது பாம்பு கடிச்சதோ?"

"கடிச்சது. ஊசி போடேல்லை."

றஞ்சிதம் இந்த முறை பக்கத்தில் நின்றாள். "மடுப் பக்கம் இடம்பெயர்ந்து இருந்த நேரம் மிசி, விறகு பொறுக்கப் போய். புடையன். கால் தூண்மாதிரி வீங்கினது."

"அப்ப என்ன செய்தது?"

"மாதாவுக்கு நேர்த்தி வைச்சது. பரியாரி ஒருவர் இலைச்சாறு தந்தவர்" என்றார் அம்புறோஸ். இருபத்தைந்து வருடமாக எல்லாரிடமும் சொல்கிற கதை. "ஆஸ்பத்திரியிலயும் ரெண்டு நாள் கிடந்தனான். அவங்கள் ஒரு ஊசியும் போடேல்லை. சும்மா சேலைன் ஏத்தினவங்கள்."

நிஸ்லா பேனையைக் கீழே வைத்தாள். "ஐயா, அந்தச் சேலைனுக்குள்ளதான் மருந்து. பாம்புக்கடி மருந்தைச் சேலைனோட கலந்துதான் நரம்பில ஏத்துறது."

"அப்ப?"

"அதுவும் குதிரையில இருந்து எடுக்கிறதுதான்."

அம்புறோஸ் விரலை மடக்கிப் பார்த்தார். பாம்புக்குக் குதிரை, கழுதைக்குக் குதிரை. நேர்த்தி வைத்தது மாதாவுக்கு. "எனக்கு விளங்கேல்லை மிசி. அப்ப எனக்கு வந்திருக்கிறது எது? குதிரையோ, கழுதையோ?"

"குதிரை. அண்டைக்கே உங்கட உடம்பு குதிரையின்ர சாமானைக் கண்டு, இது வெளியாள் எண்டு குறிச்சு வைச்சிட்டுது. இப்ப நாங்கள் திரும்பப் போட்டதும், பழைய ஆள் வந்திட்டான் எண்டு கெதியாக் கிளம்பிட்டுது. அந்தச் சண்டையாலதான் தடிப்பும் காய்ச்சலும் மூட்டு வீக்கமும். விசர் நோய் இப்பிடி வராது, இவ்வளவு கெதியாயும் வாறது குறைவு. அதுக்குப் பொதுவாக் கிழமைக்கணக்கு, மாதக்கணக்குச் செல்லும்."

விசர் என்ற அந்தச் சொல்லை அவள் சாதாரணமாகச் சொன்னாள். ஒரு வாரத்துக்குப்பின் காதில் விழுந்த அந்தச் சொல்லைக் கேட்டு றஞ்சிதம் வாங்கில் உட்கார்ந்தாள்.

"இருபத்தஞ்சு வருசமாவோ ஞாபகம் வைச்சிருக்குது?" என்றார் அம்புறோஸ். "இவளின்ர பிறந்தநாள் எனக்கு ஞாபகமில்லை."

"அது எனக்குத் தெரியும்" என்றாள் றஞ்சிதம்.

"அந்த ஞாபகத்தை நம்பித்தான் ஐயா தடுப்பூசியே போடுறம்" என்றாள் நிஸ்லா. "ஒருக்காக் கண்டதை உடம்பு மறக்காது, திரும்பக் கண்டால் கெதியா வேலை தொடங்கும். கிருமியெண்டால் அது உங்களைக் காப்பாத்தும். குதிரையெண்டால் உங்களை அரிக்கும். உடம்புக்கு நல்லது கெட்டது தெரியாது. தன்ரையோ, வெளியாலயோ எண்டுதான் பாக்கும். அதிலயும் சிலவேளை பிழை விடும்."

அம்புறோஸ் முழங்காலைச் சொறிந்தார். "அப்ப இதை அமத்த ஒரு ஊசி போடுங்கோ. எங்கட பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நண்டு ஒத்துவராமல் தடிச்சநேரம் ஒண்டு போட்டவை. பத்து நிமிசத்தில எல்லாம் படுத்திட்டுது."

டொக்டருக்கு இது விளங்கியது. தலையை ஆட்டி, தனக்குத் தெரிந்த தமிழில், "அது வேணாம். அது எல்லாம் படுக்க வைக்கும். நல்லதும் படுக்கும்" என்றார்.

நிஸ்லா விளக்கினாள். அந்த மருந்து குதிரையோடு நடக்கிற சண்டையை மட்டும் நிறுத்தாது. விசர்க் கிருமிக்கு எதிராக உடம்பு இப்போது செய்துகொண்டிருக்கிற வேலையையும் மந்தமாக்கிவிடும். அதனால் உயிருக்கு ஆபத்து இல்லாதவரை அதைக் கொடுக்கமாட்டார்கள். அரிப்புக் குறைய ஒரு குளிசை, காய்ச்சலுக்கும் நோவுக்கும் ஒன்று. மிச்சத்தைப் பொறுக்கவேண்டும். ஒரு கிழமையில் தானாக அடங்கும். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ உடனே ஓடிவரவேண்டும்.

"என்னைக் கடிக்கிறதும் அது, காக்கிறதும் அது எண்டு சொல்லுறியள்."

"ஓம்."

"ரெண்டையும் பிரிக்கேலாது."

"எங்களால ஏலாது."

அம்புறோஸ் அவளையே பார்த்தார். பொய் சொல்லித் தேற்றுகிற முகம் இல்லை. அவருக்கு அது ஆறுதலாகவும் இல்லை. "அப்ப இண்டைக்கு ஊசி போடாமல் விடுவம். உடம்பு ஒரு சண்டை பிடிக்குது. அது முடியட்டும், பிறகு மற்றது."

கடைசி நியாயம் அது. அறையில் இருந்த எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்கள். றஞ்சிதம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நிஸ்லா கையைக் காட்டி மறித்தாள்.

"ஐயா, முதல் நாள் உங்களுக்கு இரவல் தந்தது எண்டு சொன்னனான். இப்ப உங்கட உடம்பு அந்த இரவலைத்தான் துரத்துது. இன்னும் கொஞ்ச நாளில அது ஒண்டும் மிச்சமிராது. துரத்தி முடிச்சபிறகு அந்தக் காயத்துக்கு ஆர் காவல்?"

அம்புறோஸ் பெருவிரலைத் திருப்பிக் காயத்தைப் பார்த்தார்.

"உங்கட சொந்தம் மட்டும்தான். அது செய்துகொண்டிருக்குது, ஆனால் பாதிப் பாடம்தான் முடிஞ்சிருக்கு. இண்டைய ஊசி மிச்சப் பாடம். இண்டைக்கு விட்டால், இரவலும் போய், சொந்தமும் இல்லாமல் நிப்பியள்."

அவர் காலையில் சாமான் அறைக்குள் கட்டிய நியாயத்தில் இரண்டு கதவுதான் இருந்தன, இரண்டும் போகாதே என்றன. மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. முழுதாக விளங்கியது என்று சொல்ல முடியாது. ஆனால் இரவலும் இல்லை, சொந்தமும் இல்லை என்பது விளங்கியது. இடம்பெயர்ந்து திரிந்த ஆள். அந்த நிலை அவருக்குத் தெரியும்.

சட்டைக் கையை மேலே சுருட்டினார். பிறகு நிறுத்தினார். "மிசி, இந்த ஊசியும் குதிரையோ?"

"இல்லை. இதில குதிரை ஒரு சொட்டும் இல்லை."

"அப்ப இது எதில செய்தது?"

நிஸ்லா மருந்தை ஊசிக்குள் இழுத்தபடி டொக்டரைப் பார்த்தாள். டொக்டர் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தார். "ஐயா, அதை மட்டும் இண்டைக்குக் கேக்காதேங்கோ" என்றாள். "வேற மிருகத்தின்ர பேரை உங்களுக்குச் சொல்ல எனக்குப் பயம்."

அம்புறோஸ் கண்ணை மூடிக் கையை நீட்டினார்.

அடுத்த ஒன்பது நாளும் இலேசானவை அல்ல. அரிப்பில் முதுகைக் கதவு நிலையில் தேய்த்தார். முழங்கால் வீக்கத்தால் ஓட்டோவில் ஏற முடியாமல் வீட்டு வாசல் கதிரையிலிருந்தே நொந்துகொண்டார். றஞ்சிதம் நேரத்துக்குக் குளிசை கொடுத்தாள், நகத்தை ஒட்ட வெட்டிவிட்டாள், ஈரத்துணியால் தடிப்புகளை ஒற்றினாள், சத்தம் கூடினால் வெளியே போய்விட்டாள். அதற்கு மறுநாள் தடிப்பு மங்கியது. நெரி கரைந்தது. மூட்டு நோவு கடைசியாகப் போனது. தண்ணீரை அவர் அதன்பின் தாகத்துக்கு மட்டும் குடித்தார்.

முப்பதாம் நாள் ஊசி போட்டுக்கொண்டு அவர் எழும்பவில்லை. கதிரையிலேயே இருந்தார்.

"முடிஞ்சுது ஐயா. போகலாம்."

"மிசி, எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. சொந்தமா ஒண்டு செய்து முடிச்சிருக்கு எண்டு சொல்லுறியள். அது உள்ளுக்கு நிக்குதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? குதிரையெண்டால் அரிச்சுது, வீங்கினது, இருக்கிறது தெரிஞ்சுது. இது ஒரு அசுமாத்தமும் இல்லாமல் கிடக்கு."

"அப்பிடித்தான் கிடக்கும்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் ஒண்டும் தெரியாது. அடுத்த மாதமும் தெரியாது. அடுத்த முறை ஏதும் கடிச்சால் கோப்பித்தூள் போடாமல் கழுவிப்போட்டு இஞ்ச வாங்கோ. அப்ப குறைய ஊசிதான் போடுவம்."

அவர் யோசித்துக்கொண்டே வெளியே வந்தார். றஞ்சிதம் ஓட்டோவுக்குள் இருந்தாள். ஜுனைதீன் புனல் ஒலிபெருக்கியின் ஆணியை இறுக்கிக்கொண்டு நின்றார்.

"என்னவாம்?"

"இனி ஒண்டும் நடக்காதாம்."

"ஒண்டும் நடக்காமல் இருக்கவோ நாலு தரம் ஓட்டோவைக் கொண்டுவந்தது?"

"அப்பிடித்தான் நானா விளங்குது. எனக்கும் முழுக்க விளங்கேல்லை."

"உனக்கு விசர்" என்று சொல்லிவிட்டு ஜுனைதீன் நாக்கைக் கடித்துக்கொண்டார். றஞ்சிதம் அம்புறோசின் முகத்தைப் பார்த்தாள். அம்புறோஸ் ஒரு கணம் தன் கையைப் பார்த்தார், பிறகு ஜுனைதீனைப் பார்த்தார்.

"இல்லையாம்" என்றார். "மிசியைக் கேட்டுப்போட்டுத்தான் வாறன்."